நல்ல தோள்

ஜான்சி தோள் வலி என்று சொல்வது வேலைக்கு மட்டம் போடத்தான் என்று நினைத்தேன். ஸ்கேனில் குட்டு வெளிப்படட்டும் என்று, மரக்காணத்தில் இருக்கும் என் உப்பளத்திலிருந்து நானே அவளைப் புதுச்சேரிக்குக் காரில் கூட்டிப்போனேன்.

வலது தோளில் ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்திய டாக்டர், திரையைக் காட்டினார். "தசைநார் கிழிஞ்சிருக்குது. நிஜமான வலிதாங்க இது."

ஒரு தோள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

"ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல தோளையும் ஒரு தடவை பார்த்துடலாம்" என்று இடது பக்கம் வந்தவர், கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நகர்த்தினார்.

"இதுல கிழிசல் இன்னும் பெருசு. இந்தக் கையால என்னம்மா வேலை செஞ்ச?"

"பாத்தியில உப்பு வார்ற பலகைய இழுக்குறதுங்க. மூணு மாசமா இந்தக் கையாலதான்."

மூன்று மாதத்துக்கு முன் வலியென்று வந்து நின்றவளை, "அந்தக் கை வலிச்சா இந்தக் கைக்கு மாத்தி இழு" என்று விரட்டியவன் நான்தான்.

"இதுவும் வலிக்குதுன்னு ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

ஜான்சி முந்தானையால் ஜெல்லைத் துடைத்தாள்.

"ஒரு தோள் வலிக்குதுன்னதையே நீங்க நம்பல மொதலாளி. ரெண்டும் வலிக்குதுன்னா நம்பியிருப்பீங்களா?"