இருநூறு வருட இரும்பு

சாவி பூட்டுக்குள்ளேயே ஒடிந்துவிட்டது.

சிறப்பு விருந்தினர் கையில் மிஞ்சிய தலைப்பகுதியைப் பார்த்துச் சிரித்தார். அவர் எதற்குச் சிரித்தாலும் சிரிப்பதற்கென்றே நாலு பேர் கூட வந்திருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

பூட்டு இருந்தது எங்கள் அருங்காட்சியக வாட்ச்மேனின் கணுக்காலில்.

அடிமைமுறை ஒழிப்பைப் பற்றிய கண்காட்சி. பழைய புகைப்படங்கள், ஆட்களை ஏலம் விட்ட விளம்பரங்கள், ஒழிப்புச் சட்டத்தின் முதல் பக்கம். அவற்றுக்குக் கீழே உள்ள குறிப்புகளை எழுதியது நான்.

ரிப்பன் வெட்டுவது பழசாகிவிட்டதாம். விருந்தினர் ஓர் அடிமையின் கால்விலங்கைத் திறந்துவிட்டுக் கண்காட்சியைத் தொடங்கிவைத்தால் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வரும் என்பது காப்பாட்சியரின் மூளையில் உதித்த யோசனை.

அடிமையாக உட்கார ஆள் வேண்டுமே. இத்தனை பேர் வேலை பார்க்கிற இடத்தில் எல்லார் கண்ணும் வாட்ச்மேன் மேலேயே போய் நின்றது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்த புகைப்படத்தில் இருக்கிற மனிதனைப் போலவே உட்காரச் சொன்னார்கள். காலையில் விலங்கைப் பூட்டியதோடு சரி. திறந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வாட்ச்மேன் சர்க்கரை நோயாளி. போன வருடம் செருப்பு கடித்த புண்ணுக்கே ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது வளையத்துக்கு மேலே கால் பளபளவென்று வீங்கியிருந்தது. இரும்பு உராய்ந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

ஒரு பத்திரிகைக்காரர் கிட்டத்தில் போய் அந்த ரத்தத்தைப் படம் எடுத்தார். சாயம் ரொம்பத் தத்ரூபமாக இருப்பதாக விருந்தினரின் மனைவி பாராட்டினார்.

எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். கொண்டை ஊசியை விட்டுக் குடைந்தார்கள். ஒடிந்த துண்டு இன்னும் உள்ளேதான் போனது. விருந்தினருக்கே ஒரு கட்டத்தில் சங்கடமாகிவிட்டது. பேசாமல் அறுத்துவிடலாமே என்றார்.

காப்பாட்சியர் பதறிப்போனார். வாட்ச்மேனுக்காக அல்ல. படத்தில் இருப்பவன் காலில் கிடந்த அதே விலங்கு இது, இருநூறு வருடப் பொக்கிஷம், ரம்பம் வைப்பதென்றால் குழு கூடி அனுமதி தர வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னார்.

கூட்டம் பயபக்தியோடு தலையாட்டியது. அந்த இரும்பின் மேல் எல்லாருக்கும் திடீரென்று அப்படி ஒரு கரிசனம்.

குழு நாளைக்குத்தான் கூடும். அதுவரை வாட்ச்மேன் இப்படியே உட்கார்ந்திருக்கட்டும், பார்க்க வருகிறவர்களுக்கும் நன்றாக இருக்கும் என்றார் காப்பாட்சியர். வேண்டுமானால் ஒரு தலையணை தரலாமாம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. காப்பாட்சியர் மேல் மட்டுமல்ல. என் வாயும் இவ்வளவு நேரம் மூடியேதான் இருந்தது.

வாட்ச்மேன் பல்லைக் கடித்துக்கொண்டு காலைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"இருக்கட்டும் சார். அவ்வளவு பழைய பொருளை என் ஒரு காலுக்காக எதுக்கு வீணாக்கணும்?"

அவர் குரலில் நிஜமான மரியாதை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காப்பாட்சியர் கூட்டத்தைத் தாண்டி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்துவிடாதே என்கிற பார்வை. அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் அவர் கையெழுத்தில் இருந்தது.

நான் போனை எடுத்தேன். இரும்பு கேட் செய்கிற பட்டறை இரண்டு தெரு தள்ளித்தான். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, போன மாசம் மியூசியத்துக்கு நீங்க அடிச்சுக் குடுத்த கால்விலங்கு ஒருத்தர் காலுல மாட்டிக்கிச்சு. அறுக்கிற மெஷினை எடுத்துக்கிட்டு உடனே வாங்க."

எல்லாரும் காப்பாட்சியர் பக்கம் திரும்பினார்கள். வாட்ச்மேன் மட்டும் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதோ கிளம்பிவிட்டதாகச் சொன்ன பட்டறைக்காரர் போனை வைக்கவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்ததற்குத் துரு நாங்கள் கேட்ட மாதிரியே பிடித்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.