கடைசி பெஞ்சுக் கேள்விகள்

இன்னாசிமுத்து கையைத் தூக்கியதுமே முன்பெஞ்சில் சிரிப்பு தொடங்கிவிட்டது.

ருக்கு சாக்பீஸைக் கீழே வைத்தாள். "கேளுங்கோ மிஸ்டர் இன்னாசிமுத்து."

"ஸீன் மாறுது, ஸீன் மாறுதுன்னு சொல்லுதீயளே டீச்சர், அது எப்ப மாறுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இடம் மாறினா ஸீன் மாறும். நேரம் மாறினாலும் மாறும். போன வாரமே சொன்னேன்."

"சொன்னீய. சரியாப் பிடிபடல."

"இவருக்குத் தனியா ஒரு ஸ்கூல் வைக்கணும் டீச்சர்" என்றான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வானமாமலை.

வகுப்பே சிரித்தது. இன்னாசிமுத்துவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

பம்பாய் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடந்த திரைக்கதை வகுப்பு அது. ருக்குவுக்கு இருபத்தாறு வயது. புனாவில் சினிமா படித்துவிட்டு வந்திருந்தாள். "பொம்மனாட்டி என்ன சொல்லித் தரப் போறா?" என்று தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்கள் இழுத்தபோது, "நாலு மாசம் குடுங்கோ. படமா எடுக்கற மாதிரி ஒரு கதையாவது எழுத வெச்சுக் காட்டறேன். இல்லேன்னா நானே நிறுத்திடறேன்" என்று சொல்லி வாங்கிய வகுப்பு.

பதினாலு பேர் வந்தார்கள். பாதிப் பேர் ஆபீஸ் குமாஸ்தாக்கள். மற்றவர்கள் தாராவி, ஆண்டாப் ஹில் பக்கத்துத் தொழிலாளிகள். இன்னாசிமுத்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஐம்பதை நெருங்கியவர். பதினாலில் ஒரே பெண் ராபியா. அவளும் தாராவிதான், அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. வாயைத் திறக்கவே மாட்டாள். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்பாள்.

இன்னாசிமுத்து ஒரு வாரம்கூடக் கேள்வி கேட்காமல் விட்டதில்லை.

"வசனமே இல்லாம ஒரு ஸீன் எழுதலாமா டீச்சர்?"

"கதை நடுவுல பழைய சங்கதியைச் சொல்லணும்னா என்ன செய்யணும் டீச்சர்?"

மூன்றாவது மாதம் ஒருநாள் எழுந்தார். "ஒருத்திக்கு அழுகையா வருது. ஆனா அழக்கூடாதுன்னு நிக்கா. அதை எப்படி எழுதுறது?"

"அவளை அழ விட்டுடும் ஓய், சுலபம்" என்றான் வானமாமலை. மறுபடியும் சிரிப்பு.

ருக்கு பதில் சொன்னாள். "கேமராவுக்கு மனசு தெரியாது. கைதான் தெரியும். அவ கை என்ன பண்றதுன்னு எழுதுங்கோ." சொல்லி முடித்ததும் பொறுமை போய்விட்டது. "உங்களால பாடம் நகரவே மாட்டேங்கறது. எல்லாரும் புரிஞ்சுண்டுதானே சும்மா இருக்கா? அடுத்த வாரத்துலேர்ந்து கேள்வி வேண்டாம்."

இன்னாசிமுத்துவின் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எழுந்தார். "ஒண்ணே ஒண்ணு டீச்சர். கோவிச்சுக்கிடாதீய."

ருக்குவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நாலு மாதம் முடிந்தது. கடைசி வகுப்புக்குச் சங்கத்துப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். செம்பூர் ஸ்டூடியோவிலிருந்து டைரக்டர் நஜிமுதீனும் வந்திருந்தார். பதினாலு திரைக்கதைகளையும் முந்தின வாரமே அவருக்கு அனுப்பியிருந்தாள் ருக்கு. அவர் ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தார்.

"ராபியா யாரு?"

ராபியா எழுந்தாள்.

அவர் வாசித்தார். வி.டி. ஸ்டேஷன். கல்யாணமான மகளை ரயிலேற்ற வந்திருக்கிறாள் ஒரு தாய். ஜன்னல் வழியாகக் கொடுக்க ஒரு பலகாரப் பொட்டலம். அதன் நூலை அவிழ்க்கிறாள், கட்டுகிறாள். மறுபடி அவிழ்க்கிறாள், இன்னும் இறுக்கிக் கட்டுகிறாள். வண்டி நகர்ந்துவிடுகிறது. பொட்டலம் அவள் கையிலேயே இருக்கிறது. ஒரு வரி வசனம் கிடையாது.

வானமாமலைகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இதைப் பத்து நிமிஷப் படமா எடுக்கப் போறேன். கதை ராபியான்னு திரையில பேர் வரும்" என்றார் நஜிமுதீன்.

கைதட்டல் எழுந்தது. எல்லோரும் ஓய்ந்த பிறகும் கடைசி பெஞ்சில் இன்னாசிமுத்து மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்.

சங்கத் தலைவர் ருக்குவைப் பார்த்துக் கைகூப்பினார். "வகுப்பு தொடர்ந்து நடக்கட்டும்மா."

ருக்குவுக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து பேசினாள். "இந்தப் பொண்ணு நாலு மாசத்துல ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு தடவை சொன்னா போதும், பிடிச்சுப்பா. சில பேருக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறலை."

எல்லோர் கண்ணும் கடைசி பெஞ்சுக்குப் போயிற்று. இன்னாசிமுத்து வழக்கம்போலச் சிரித்தார்.

கூட்டம் கலைந்தது. ராபியா மட்டும் மேஜை ஓரத்தில் நின்றாள்.

"என்னம்மா?"

"நீங்க சொன்னதுல ஒண்ணு தப்பு டீச்சர்."

"எது?"

"நான் வாராவாரம் கேள்வி கேட்டிருக்கேன்."

"நீயா? எப்போ?"

"எழுந்து கேட்டா முன்பெஞ்சுக்காரங்க சிரிப்பாங்கன்னு எனக்குப் பயம். புரியாததை வீட்டுல எழுதி வச்சுக்குவேன். வரும்போது ரயில் பாலத்துல இன்னாசிமுத்து மாமாகிட்ட சொல்லுவேன். பக்கத்து வீட்டுக்காரர். அவருதான் எனக்காக எழுந்து கேப்பாரு. அத்தனையும் என் கேள்விதான்."

ருக்கு கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"இன்னைக்கு எந்திரிச்சுச் சொல்லத்தான் பாத்தேன். அப்பவும் மாமா கையைக் காட்டி உக்காரச் சொல்லிட்டாரு. முதல் நாள்லேருந்தே அவரு சொல்றது ஒண்ணுதான் டீச்சர்: 'சிரிக்கிறவன் என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போறான், நீ பதிலை எழுதிக்கோ.'"