இருபது நாள் நடை

பாத யாத்திரைக்காக அண்ணன் மூன்று வாரமாகப் பை அடுக்கிக்கொண்டிருந்தான். எடை பார்ப்பான், ஒரு சட்டையை எடுத்து வெளியே போடுவான், மறுபடி எடை பார்ப்பான். புது ஷூ காலுக்குப் பழக வேண்டுமென்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பான்.

பக்கத்து அறையில் நான் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கூப்பிட்டேன். "அண்ணா, ஒரு கை பிடியேன்."

மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான். "குமட்டுதுடி. கிளம்புற நேரத்துல எனக்கு ஏதாவது ஒட்டிக்கிட்டா?"

அவனைப் பார்த்து எனக்கும் குமட்டியது.

கிளம்புகிற அன்று காலை, அப்பாவின் படுக்கைப் புண்ணுக்கு வாங்கிய களிம்பைக் காணோம். அவன் பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். களிம்பு, பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் அங்கேதான் இருந்தன.

"இருபது நாள் நடக்கணும். கால்ல கொப்புளம் வந்தா? அவரு படுத்துக்கிட்டுதானே இருக்காரு! அவருக்காகத்தான் போறேன்."

பிடுங்கிக்கொண்டேன். "பெத்தவரைத் தொடக் கூசுது, உனக்கெல்லாம் எதுக்கு யாத்திரை? போக வேணாம்!"

உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். ஓடினேன்.

"தடுக்காதேம்மா. எனக்காக வேண்டிக்கிட்டு நடந்து போன்னு நான்தான் சொன்னேன்."

"நீங்களா? அவன் நடந்தா உங்களுக்குக் குணமாயிடுமாப்பா?"

அண்ணன் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போகும் சத்தம் கேட்டபிறகுதான் அப்பா சொன்னார்.

"குணமெல்லாம் ஆகாது. மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிற அந்த முகத்தை இருபது நாளாவது பார்க்காம இருக்கலாம்ல?"