இடது டிவியா, வலது டிவியா

முதலாளி டிவிகளுக்குப் பின்னால் புகுந்து ஐந்து நிமிடமாகிவிட்டது. அவருடைய கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

“தங்க முலாம் கேபிள் ஒண்ணு, சாதா கேபிள் ஒண்ணு. இதுக்கு இவ்வளவு நேரமா மாப்பிள்ளை?” என்றார் மச்சான், நாற்காலியை விட்டு அசையாமல்.

மச்சான் என்பவர் முதலாளியின் மனைவிக்கு அண்ணன். கடையில் அவருக்கு வேலை என்று எதுவும் கிடையாது, அபிப்பிராயம் உண்டு. வீட்டில் ஒரு பெரிய டிவியையும் ஆறு ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லோரும் குருடர்கள் என்று முடிவு கட்டிவிட்டவர். விருந்தாளி வந்தால் சோறு போடுவதற்கு முன்பு, தன் டிவியில் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று காட்டுவார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கழுகுக்கண். அதைப் புகழ்ச்சி என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

இன்றைய குற்றவாளி, கேபிள் பிரிவில் நிற்கும் பெண். காலையில் ஒரு வாடிக்கையாளர் தங்க முலாம் கேபிளைக் கையில் எடுத்தபோது, “செட்டாப் பாக்ஸ்லேருந்து டிவிக்கு ரெண்டு மீட்டர் தூரத்துக்கு இந்தச் சாதா கேபிளே போதும் சார், படம் ஒரே மாதிரிதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டாள். கழுகுக்கண்ணுக்குக் காதும் கூர்மை.

“மறுபடி சொல்லும்மா, எல்லாரும் கேக்கட்டும்.”

“டிஜிட்டல் சார். வந்தா முழுசா வரும். கேபிள் சரியில்லன்னா விட்டு விட்டு வரும், இல்ல வராமலே போயிடும். கலர் மட்டும் மங்கிப் போறதுன்னு ஒண்ணு கிடையாது.”

“கேட்டீங்களா? நேத்து வரைக்கும் மிக்ஸி வித்தவ எனக்குப் பாடம் எடுக்குறா. இதுக்கெல்லாம் கண்ணு வேணும்மா. எல்லாருக்கும் அமையாது.”

அவள் குனிந்து கேபிள் பெட்டிகளை அடுக்கினாள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

பந்தயம் வைத்தவரும் மச்சான்தான். எந்த டிவியில் எந்தக் கேபிள் என்று அவர் படத்தைப் பார்த்தே சொல்லுவார். சொல்லிவிட்டால் அவள் இன்றோடு வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டும். சொல்ல முடியாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எதற்கும் தலையாட்டுகிற முதலாளி இதற்கும் ஆட்டினார்.

இப்போது அவர் தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தார். “ஆச்சு மச்சான். பின்னாடி என்ன மாட்டியிருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.”

இரண்டு டிவியிலும் ஒரே காட்டுப் படம். இடது டிவியில் மான் ஓடையைத் தாண்டியது. வலது டிவியில் அதே மான் கொஞ்சம் பொறுத்துத் தாண்டியது. அந்தப் பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முதலாளியைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மச்சான் எழுந்தார். ஒரு கண்ணை மூடினார், மூன்றடி பின்னால் நகர்ந்தார், மாடு வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல் டிவிகளை மூலை மூலையாகப் பார்த்தார்.

“இதைச் சொல்ல நான் எதுக்கு?” என்று சிரித்தார். “இடது பக்கம் தங்கம். அந்தப் பச்சையைப் பாருங்க, இலை இலையா எண்ணலாம். வலது பக்கம் வெளுத்துப் போய்க் கெடக்கு. மானுக்கே சோகை புடிச்ச மாதிரி இருக்கு.”

“நல்லாப் பாத்துட்டீங்களா மச்சான்? வேணும்னா இன்னொரு தடவை போடறேன்.”

“எனக்கு எதுக்கு இன்னொரு தடவை? படத்தைப் பாக்கத் தெரியாதவங்க இந்தக் கடையில நிக்கவே கூடாது மாப்பிள்ளை.”

“யாரா இருந்தாலுமா?”

“யாரா இருந்தாலும்.”

அவள் மேஜைக்கு அடியிலிருந்து தன் கைப்பையை எடுத்தாள். மச்சான் கடை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பையை உள்ள வைம்மா” என்றார். பிறகு மெதுவாக நடந்துபோய், மச்சானுக்காக வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு டிவியிலயும் பென்டிரைவ்தான் ஓடுது மச்சான், நான் கேபிளே மாட்டல.”