வீரையனின் காந்தம்

மகன் பரணிதரன் சிங்கப்பூரிலிருந்து பாடி கட்ட ஆர்டர் கொடுத்திருந்த காரை எடுத்துப்போக, வீரையன் நீடாமங்கலம் பட்டறைக்கு வந்தார். வந்ததும் மடியிலிருந்து காந்தத்தை எடுத்தார். பழைய டிராக்டர் வாங்கி விற்பவர். தகட்டின் ஒடுக்கைப் பட்டிப் பசை பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது என்பது அவருக்கு அத்துப்படி.

பானெட்டில் ஒட்டவில்லை. கதவிலும் ஒட்டவில்லை.

"என்னங்க வேதநாயகம்! நாலு மாசமா கையாலயே தட்டினேன்னீங்க, பூரா பட்டியால்ல இருக்கு?"

டிங்கர் வேதநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. "ஐயா, அது வந்து..."

அதற்குள் டிக்கியில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது காந்தம்.

"இதுதான் தகடு! இது ஒண்ணுதான் யோக்கியமான வேலை. மிச்சத்தையும் இதே மாதிரி மாத்திக் குடுங்க."

வேதநாயகம் வாயை மூடிக்கொண்டார்.

பரணிதரன் கேட்டிருந்தது காந்தமே ஒட்டாத முழு அலுமினிய பாடி. அலுமினியத் தகடு போதாமல், இரும்பை வைத்து அவர் ஒப்பேற்றிய இடம் டிக்கி ஒன்றுதான்.