கீழ் அடுக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மதியச் சங்கு ஓய்கிறது. தகரக்கூரை நிழலில் ஹேமாவதி தன் இரண்டடுக்கு டிபன்பாக்ஸைப் பிரிக்கிறாள். லண்டனில் மானுடவியல் படிக்கிற எதிர்வீட்டு ஷர்மிளாவின் கட்டுரை பத்மாவின் செல்போனில் வந்திருக்கிறது. "நம்ம ஷர்மி எயுதினது, கேளுங்கடி" என்று உரக்கப் படிக்கிறாள் பத்மா. "'மல்லிகா' என்ற தொழிலாளியின் கீழ் அடுக்கு தினமும் காலியாகத்தான் வருகிறது. ஓவர்டைமுக்கு வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்வார்." பத்மாவின் குரல் தேய்கிறது. போன லீவில் 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்க்கா' என்று ஹேமாவதியின் கையைப் பிடித்துக்கொண்ட ஷர்மிளா, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள். ஹேமாவதியின் விரல்கள் கீழ் அடுக்கை இறுக்கிப் பிடிக்கின்றன. "எங்ககிட்ட இன்னாத்துக்குடி மறைச்ச?" என்றபடி பத்மா அதை இழுத்துத் திறக்கிறாள். காலி எவர்சில்வரில், அவள் தன் டிபனிலிருந்து அள்ளிப் போட்ட ஒரு பிடி புளிச்சோறு விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது.