பின்னால் வருகிறேன் என்றவர்

வளைகுடா நகரமான ரூவியில் ஒரு டிராவல்ஸில் ஐஸ்லாந்து சுற்றுலா டிக்கெட் விற்கும் அஹ்சனுக்கு வருடக்கணக்காக லீவே கிடைக்கவில்லை. நீர்வீழ்ச்சி, எரிமலை மணல் கடற்கரை, பனியாறு எல்லாம் அவனுக்குச் சுவரில் தொங்கும் படங்கள்தான்.

அங்கே போய்விட்டு வந்த காயல்பட்டினத்து சப்ரீனா, சாக்லேட் பெட்டியோடு கடைக்குள் வந்தாள். அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் அவனைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

"பனியில என் மக சறுக்குனப்போ நீங்கதானே காக்கா, அவ கையப் புடிச்சீங்க? முன்னால போங்க, பின்னாலயே வர்றேன்னீங்க. சாயங்காலம் வரைக்கும் பஸ் உங்களுக்காக நின்னுச்சு. பனியாத்துலேர்ந்து எப்ப கீழ எறங்குனீங்க?"

"நான் ரூவிய விட்டு எங்கயும் போகலம்மா" என்றான் அஹ்சன்.

சொல்லும்போது, கடுங்குளிரில் வருவது போல, அவன் வாயிலிருந்து வெண்புகை வந்தது. எழுந்து ஏ.சி.யை நிறுத்தினான். கதவைத் திறந்தான். ஜூன் மாத வெயில் உள்ளே வந்தது. புகை நிற்கவில்லை.